உங்களுக்குத் தெரியுமா? அகராதி ஏறிய சுருட்டு

"'ஐயோ' எல்லாம் இங்கிலீஷா?" என்று கேட்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பார்க்கலாம், 2016-இல் அந்தச் சொல் உள்ளே போய்விட்டது. நம் சொற்கள் இப்படி ஆங்கிலத்துக்குள் போவதில் திண்டுக்கல்லுக்குப் பழைய பாத்தியதை உண்டு. ஆங்கிலத்தின் 'செரூட்', நம்ம சுருட்டுதான். வெள்ளைக்காரர்கள் பேச்சுவாக்கில் பிடித்துக்கொண்ட சொல். யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி (1886), அது தமிழிலிருந்து வந்தது என்றே குறித்திருக்கிறது. லண்டன்வரை மணத்த திருச்சினாப்பள்ளி சுருட்டுக்கும் திண்டுக்கல் வட்டாரப் புகையிலை போனது. (பேர் மட்டும் திருச்சிக்கு!)

அகராதிக்காரர்கள் சொல்லுக்குக் குலம் கோத்திரம் கேட்பதில்லை. எத்தனை காலமாக, எவ்வளவு பரவலாகப் புழங்குகிறது என்றே பார்க்கிறார்கள். கொச்சை என்றால் பக்கத்தில் 'பேச்சு வழக்கு' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நம் ஆபீஸ்களில் மீட்டிங்கை முன்னால் இழுக்கும் 'ப்ரீபோன்'கூட உள்ளேதான் இருக்கிறது.