மணல் வழுக்குமா, பிடிக்குமா?

சாத்தான்குளத்தில் இரயில் நிலையம் இல்லை. எங்கள் மாணவர்கள் இரயில் பார்க்க நாசரேத்துக்கோ திருச்செந்தூருக்கோ போகவேண்டும். மலை இரயில் என்றால் சினிமாவில் கண்டதுதான். எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடத்தை அதைக் கொண்டே தொடங்கினேன்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓடுவதால் பிடிப்பு குறைவு. சமவெளியில் அது வசதி. கடும் ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. இதற்கு நீலகிரியும் டார்ஜிலிங்கும் வெவ்வேறு விடை கண்டன.

மேட்டுப்பாளையம்–உதகை பாதை 46 கி.மீ. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் வண்டி ஓடியது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, மிகச் செங்குத்தான இடத்தில், ஏறத்தாழ 12 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டங்கள் உண்டு. நீராவி இன்ஜினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வியபடி, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். குன்னூருக்கு மேல் பல் இல்லை. டீசல் இன்ஜின் இழுக்கிறது.

1881இல் முடிந்த டார்ஜிலிங் பாதையின் அகலம் 2 அடிதான். பற்சட்டமே கிடையாது. பாதையை வளைத்து நீட்டிச் சரிவைக் குறைத்தார்கள். சில இடங்களில் பாதை வளையமாகச் சுற்றித் தன்னையே மேலே கடக்கும். சில இடங்களில் வண்டி முன்னே போய், பின்னே ஏறி, மறுபடி முன்னே போகும். அப்படியும் சக்கரம் வழுக்கினால், இன்ஜின் முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர் தண்டவாளத்தில் மணல் தூவுவார்.

நான் பயணம் செய்தது உதகை வண்டியில் மட்டும். ஆனால் வகுப்பைக் கிளப்பிவிட்டது டார்ஜிலிங்தான்.

“தேரியில நடந்தா மணல்ல கால் சறுக்குதே சார், அங்க மட்டும் எப்படிப் பிடிக்கும்?” என்றான் ஒரு மாணவன். “அது வேற மணல்” என்று சொல்லிப் பாடத்தை நகர்த்திவிட்டேன். தவறான பதில். தேரிக்காட்டை நாள்தோறும் மிதிப்பவன் கேட்ட கேள்வி அது.

மறுநாள் அவனிடமே ஒப்புக்கொண்டு விளக்கினேன். தேரியில் மணல் ஆழமாகக் குவிந்திருக்கிறது. காலுக்கடியில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு நழுவுகின்றன. தண்டவாளத்தில் விழுவதோ மெல்லிய படலம். டன் கணக்கான எடை அதை நொறுக்கி, இரும்புகளுக்கு இடையே சொரசொரப்பை உண்டாக்குகிறது. மழையில் நனைந்த தண்டவாளத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “அப்ப இறங்கும்போது உதகை இன்ஜின் எந்தப் பக்கம் சார் இருக்கும்?” என்றாள். இம்முறை நான் பதில் சொல்லவில்லை. பலகையைச் சாய்த்து வைத்து, தீப்பெட்டிகளைக் கோத்துக் கொடுத்தேன்.