பின்னின்று தள்ளும் எஞ்சின்

தொடர்வண்டியை எஞ்சின் முன்னின்று இழுப்பதே வழக்கம். நீலகிரி மலை இரயிலிலோ, நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னின்று தள்ளுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது. கல்லாற்றைத் தாண்டியதும், 12 அடி செல்வதற்குள் ஏறத்தாழ ஓரடி உயரும் கடும் ஏற்றம் தொடங்குகிறது. வழவழப்பான சக்கரங்கள் அங்கே வழுக்கிவிடும். ஆதலால் தண்டவாளங்களின் நடுவே பற்களையுடைய இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டே ஏறும்.

பெட்டிகளின் இணைப்பு அறுந்துவிட்டால்? ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் பள்ளத்துப் பக்கமே இருப்பதால், பெட்டிகள் அதன்மேல் சாய்ந்து நிற்குமேயன்றி உருண்டோடா. எனினும் பின்னாலுள்ள ஓட்டுநருக்கு எதிரே உள்ள பாதை தெரியாதே! அதற்காகவே முதல் பெட்டியின் முகப்பில் ஒருவர் கொடியுடன் நிற்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பணியாளர், ஓட்டுநரின் ஊதலொலி கேட்டதும் பிரேக்கை இறுக்குகிறார்.