மூச்சுப் பயிற்சி சரி, ஷிப்ட் அட்டவணை?

அரசாங்க மருத்துவமனை வார்டு மிஸ்ஸிகளின் வேலை நேரத்தை வாரத்துக்கு 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் திட்டம் 2024 டிசம்பர் 1-இல் தொடங்குவதாக இருந்து தள்ளிப்போனது. பிறகு 2025 ஆகஸ்டு 1 என்று தேதி குறித்தார்கள். அதிலிருந்து ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட் பக்கமிருந்து வரும் கடிதங்களில் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன: கூடுதலாகச் சொல்லப்பட்ட 3 மணி நேரம், மன அழுத்தம் குறைய நடத்தப்படும் மூச்சுப் பயிற்சி. “பயிற்சி உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை எங்கள் வாயை அடைக்கவா?” என்று கேட்கிறார் ஒருவர். வேலையும் செய்யும், வாயையும் அடைக்கும்.

முதலில் வேலை செய்யும் விதம். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது மெதுவாகும். இளவயதுக்காரர்கள் மணிக்கட்டில் விரல் வைத்தாலே இது தெரியும். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்புதான் இதயத்துக்கு பிரேக். உள்மூச்சில் அது தளர்கிறது, வெளிமூச்சில் பிடிக்கிறது. துடிப்பைக் குறை என்று இதயத்துக்கு யாரும் உத்தரவிட முடியாது. மூச்சை நீட்டிவிட எவராலும் முடியும். 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. ஏறக்குறைய இதே வேகத்தில்தான் உடல் தன் இரத்த அழுத்தத்தையும் ஏற்றி இறக்கிச் சமன்செய்கிறது. இரண்டு தாளமும் சேரும்போது பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது, இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் என்பது. சோப்பு போட்டுக் கைகழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்குள் 4 முதல் 6 மூச்சு அடங்கும். பிரானுலா போட நரம்பு அகப்படாமல் இரண்டு முறை குத்தி, நோயாளியின் மகனிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வந்த மிஸ்ஸி, குழாயடியில் நின்றபடியே இதைச் செய்யலாம். யாருக்கும் தெரியாது, யாரையும் கேட்கவும் வேண்டாம். தசையை இறுக்கித் தளர்த்தும் முறைக்கு இந்த வசதி இல்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் புத்தகமாக்கிய அசல் முறையை மாதக்கணக்கில் கற்க வேண்டும். பயிலரங்கில் காட்டுவது அதன் சுருக்கத்தின் சுருக்கம். ஆனாலும், தோளும் தாடையும் இறுகியிருப்பது நமக்கே தெரியவருகிறதே, அது லாபம்தான்.

இனி வாயை அடைக்கும் விதம். சுகாதார அமைச்சின் ‘10பி’ பட்டியலைப் பலர் வார்டுச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அமைதியாயிரு, ஆழமாக மூச்சுவிடு, வழிபடு, யாரிடமாவது பேசு, உடற்பயிற்சி செய் என்று போகிறது. பத்தும் மிஸ்ஸி செய்ய வேண்டியவை. மேட்ரன் செய்ய வேண்டியதும் புத்ராஜெயா செய்ய வேண்டியதும் அதில் ஒன்றுகூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் இதில் சளைத்ததல்ல. ‘பர்ன் அவுட்’ என்பது வெற்றிகரமாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்று 2019-இல் வரையறுத்தது. கையாளத் தவறியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டது.

சுகாதார ஊழியர்களின் அழுத்தம் பற்றி காக்ரேன் அமைப்பு 2023-இல் 117 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தளர்வுப் பயிற்சிகள் ஓராண்டு வரை அழுத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் சான்று வலுவானதல்ல என்றது. அதே அமைப்பின் 2015 அறிக்கை, வேலை அட்டவணையை மாற்றினாலும் அழுத்தம் குறையக்கூடும் என்று சொன்னது. அதற்கு ஆதாரம் இரண்டே ஆய்வுகள். மூச்சை ஆராய ஆள் கிடைக்கிறது, அட்டவணையை ஆராயத்தான் கிடைப்பதில்லை.

பயிலரங்குக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து ‘முன்னேற்றம்’ காட்டுகிறார்களா, கவனியுங்கள். இங்கே பரவலாகப் பயன்படும் டாஸ்-21 தாளின் 21 கேள்விகளும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் நிரப்பினால் இரண்டிலும் இருப்பது ஏறக்குறைய அதே வாரம்தான். மதியம் நல்ல சாப்பாடு போட்டால்கூட மதிப்பெண் மாறும்.

செம்மோர் பக்கம், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த ஓர் அம்மா எழுதியிருக்கிறார். தாம் விடியுமுன் பிரட்டுக்குப் போய் மரம் வெட்டியவராம். மகள் விடிந்தபின் வேலை முடிந்து வருகிறார், பகலில் தூக்கமே இல்லை, யோகா போதுமா என்கிறார். போதாது, அம்மா. இரவு 9-லிருந்து காலை 7 வரை 10 மணி நேரம் நின்றுவிட்டு வெயிலில் மோட்டார் ஓட்டி வரும்போதே, விடிந்துவிட்டது என்று காலை வெளிச்சம் மூளைக்குச் சொல்லிவிடுகிறது. அறைக்கு அடர்ந்த திரைச்சீலை போடுங்கள், கைப்பேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் கண் சொக்கினால், மருத்துவமனையிலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக.

அலுவலகத்தாருக்கும் 45 மணிதானே? ஆம், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து; அவர்கள் அந்த நேரத்தில் உண்மையிலேயே சாப்பிடுகிறார்கள்.

தனியார் மருத்துவமனையில்? வேலைச் சட்டத்தின் உச்சவரம்பு 2023 ஜனவரி 1-இல் 48-லிருந்து 45-ஆக இறங்கியது.

ஏபிசி (தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழ்) புதுப்பிக்கப் புள்ளி கிடைக்குமென்று ஓய்வு நாளில் பயிலரங்குக்குப் போகலாமா? போங்கள், பதில் விடுப்பு எழுதி வாங்கிக்கொண்டு.

மூச்சை இழுத்தால் தலை சுற்றுகிறதே? வேகமாக இழுக்கிறீர்கள், விடுவதை நீட்டுங்கள்.

பேச ஆள் வேண்டும்? டாலியான் ஹீல் 15555. 2022-இல் தொடங்கியபோது நேரம் காலை 8 முதல் நள்ளிரவு 12 வரை. நள்ளிரவு தாண்டினால், நைட் ஷிப்ட்டில் இருந்தவர்கள் அப்போது காலை 8 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.