பெயரில்லாத முதல் பக்கம்: திரைக்கதையும் போட்டியும்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவர் விட்டுச்சென்ற வேலையை எப்படித் தொடர்வது என்று பேசுவதும் நினைவுகூரல்தான். கவிதையிலும் சிறுகதையிலும் தன்வரலாற்றிலும் தலித் எழுத்து தனக்கான இடத்தை வாங்கிவிட்டது. திரைக்கதையில் அப்படிச் சொல்ல முடியாது. இயக்குநர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். எழுத்தை மட்டுமே நம்பி வருகிறவருக்கான வழி இன்னும் குறுகலாகவே இருக்கிறது. ஆகவே, திரைக்கதை எப்படி உருவாகிறது, அதைப் போட்டிக்கு அனுப்புகிறவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

தமிழ்ச் சினிமாவில் கதை பெரும்பாலும் வாயால்தான் விற்கப்படுகிறது. தயாரிப்பாளரிடமோ நடிகரிடமோ நேரம் வாங்கி, எதிரே உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். அந்த நாற்காலி வரை போக யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் சொந்தக்காரர், ஊர்க்காரர், சாதிக்காரர். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை எடுத்துக் காத்திருக்க வீட்டிலிருந்து பணமும் வர வேண்டும். இவை இரண்டும் இல்லாதவருக்குப் போட்டி ஒரு மாற்று வழி. அங்கே ஆளுக்குப் பதிலாகத் தாள் போகிறது. பல போட்டிகளில் பிரதியின் எந்தப் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது என்பதே விதி. பெயரையும் ஊரையும் கேட்டு ஆளை எடைபோடும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

அமெரிக்காவில் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி நடத்தும் நிக்கோல் நல்கையும் ஒரு நினைவுப் பணிதான். டான் நிக்கோல் என்ற தொலைக்காட்சி எழுத்தாளரின் நினைவாக அவருடைய மனைவி ஜீ நிக்கோல் அதற்கு வழிசெய்தார். புதிய எழுத்தாளர்களுக்கு 1986 முதல் வழங்கப்படுகிறது. 2025 முதல் அதற்கு நேரடியாக அனுப்ப முடியாது. கூட்டுச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள், பிளாக் லிஸ்ட் தளம் போன்றவற்றின் வழியாகவே அனுப்ப வேண்டும். விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு நண்பர் சொன்னதை நம்பாமல், இந்த ஆண்டு அறிவிப்பை முழுதாக வாசியுங்கள்.

ஆனால் பெயரை மறைத்ததால் வாசிப்பவரின் கண் மாறிவிடாது. சேரியைப் பார்த்தே இராத ஒருவர் நம் பிரதியைப் படித்துவிட்டு, "நம்பும்படி இல்லை, இப்போதெல்லாம் இப்படி நடக்கிறதா?" என்று குறிப்பு எழுதக்கூடும். இதற்கு விளக்கவுரை எழுதிப் பயனில்லை. வசனத்தில் வாதாடியும் பயனில்லை. திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே நிற்கும். சாதி எந்த உடலை எங்கே நிறுத்துகிறது, எந்தக் கையிலிருந்து எதை வாங்க மறுக்கிறது என்று செயலாக எழுதிவிட்டால், வாசிப்பவர் அதை மறுக்க முடியாது. இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' (2013) மராத்திப் படத்தைப் பாருங்கள். பன்றியைத் துரத்திக்கொண்டிருக்கும் குடும்பம், பள்ளியில் நாட்டுப்பண் ஒலித்ததும் அப்படியே அசையாமல் நிற்கிறது. பிடித்த பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளிச் சுவரைக் கடக்கிறார்கள். சுவரில் அம்பேத்கரும் புலேவும் ஓவியமாக இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் யாரும் எதையும் விளக்குவதில்லை. தாளில் எழுதினால் நாலைந்து வரிதான். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தின் முடிவில் மேசைமீது இரண்டு குவளைகள், நடுவே ஒரு பூ. இரட்டைக் குவளை என்னவென்று அறிந்த சமூகத்துக்கு அந்தக் காட்சி எத்தனை பக்கங்களுக்குச் சமம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி எழுதும் முறை. முதலில் ஒன்லைன்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. நம் எழுத்தில் அடிக்கடி நேரும் சறுக்கல், நாயகனை வலி சுமக்கும் ஆளாக மட்டும் வைத்துவிடுவது. 'ஃபன்றி'யின் ஜப்யாவுக்கு ஆசைகள் உண்டு. உடன் படிக்கும் பெண்மீது ஆசை; அவள் மனதைப் பெற உதவும் என்று நம்பி ஒரு கருங்குருவியைத் தேடி அலைகிறான். கதையை நகர்த்துவது அந்த ஆசை. அதன் குறுக்கே வந்து நிற்பது சாதி. ஆசை இல்லாத பாத்திரத்துக்கு என்ன கொடுமை நடந்தாலும் வாசிப்பவர் பரிதாபப்படுவார், கூடவே நடந்து வரமாட்டார்.

அடுத்து சீன் ஆர்டர். ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வரி எழுதி வரிசைப்படுத்துங்கள். ஒரு காட்சியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது என்றால் அது வேண்டாத காட்சி. வசனம் எழுதுவது அதற்குப் பிறகுதான். நாவலிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கட்டம் சிரமமானது. மனவோட்டமாக எழுதிப் பழகியதையெல்லாம் செயலாக மாற்ற வேண்டும். ஆனால் நாவல் தரும் இட அறிவு பெரிய முதலீடு. சிந்தாதிரிப்பேட்டை வாழ்வை 'பேட்டை' நாவலாக எழுதிய தமிழ்ப்பிரபா, பா. ரஞ்சித்துடன் இணைந்து 'சார்பட்டா பரம்பரை' (2021) எழுதியதை நினைத்துப் பாருங்கள்.

பிரதி முடிந்ததும் உரக்க வாசித்து நேரம் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலக் கூரியர் எழுத்துருவை வைத்துச் சொன்ன கணக்கு; தமிழுக்கு அப்படியே பொருந்தாது.

போட்டி ஆங்கிலத்தில் கேட்டால் இன்னொரு சிக்கல் வரும். நம் மொழியில் சாதி விளிப்பில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை "டேய்" என்று கூப்பிடுவதும், அவர் "சொல்லுங்க சாமி" என்று குனிவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். ஆகவே வசனத்தில் தொலைவதைக் காட்சிக் குறிப்பில் மீட்க வேண்டும்: பையனின் வயது, பெரியவரின் வயது, அவர் தோளிலிருந்து துண்டு இறங்கும் கணம். வட்டார வழக்கைச் 'சுத்தம்' செய்ய வேண்டாம். பாமாவின் 'கருக்கு' 1992இல் பேச்சுமொழியிலேயே வந்து நின்றதை மறக்க வேண்டாம்.

கடைசியாக உரிமை. பிப்லப் கோஸ்வாமி தன் கதைச் சுருக்கத்தை 2014இலும், 'டூ பிரைட்ஸ்' என்ற முழுத் திரைக்கதையை 2018இலும் மும்பைத் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்தார். அதே ஆண்டு சினிஸ்தான் போட்டியில் அது முதலிடம் பெறவில்லை, அடுத்த இடம்தான். ஆனால் நடுவர்களில் ஒருவரான ஆமிர் கான் கண்ணில் பட்டது. கிரண் ராவ் இயக்கத்தில் 2024இல் 'லாபதா லேடீஸ்' ஆகத் திரைக்கு வந்தது. திரைக்கதையை எழுதியவர் சினேகா தேசாய். கதை என்ற இடத்தில் கோஸ்வாமியின் பெயர். 2025இல் அந்தப் படம் வேறொரு குறும்படத்தின் நகல் என்று குற்றச்சாட்டு எழுந்தபோது, அவர் பதிலாக முன்வைத்தது அந்தப் பதிவுத் தேதிகளைத்தான்.

வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே எழுதி, பதிந்து, பிறகு அனுப்புங்கள். எழுத்தாளர் சங்கங்களில் பதியலாம். அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். உரிமை மாற்றம் எழுத்தில்தான் செல்லும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. அனுப்பிய பிரதியெல்லாம் எங்களுக்கே சொந்தம் என்று எழுதியிருக்கும் போட்டிக்கு, பரிசு எவ்வளவாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். பாட்டன் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து நிலம் இழந்தோம். படித்த நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கதையை இழக்கக் கூடாது.

தேர்வாகாமல் திரும்பினால் அதே பிரதியைத் திருத்தி அடுத்த போட்டிக்கு அனுப்புங்கள். அதற்குமுன் நம் ஊரில் நாலு பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து வெளியே போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த அரங்கிலிருந்தே அப்படி ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கலாம். இந்த நினைவு நாளுக்கு அது பொருத்தமாக இருக்கும்.