துயிலூட்டி

துயிலூட்டி என்பது உறக்கத்தை வரவழைக்கும் பொருள் ஆகும். மூலிகை, வேதிப்பொருள், மாத்திரை என எவ்வடிவிலும் இது அமையலாம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொற்களுள் சாம்னிஃபேசியன்ட் என்பது அருகிய வழக்காகும். உறக்கம், செய்தல் எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கையே இச்சொல்.

தாவரப் பெயர்களில்

"துயில் தருவது" எனப் பொருள்படும் சாம்னிஃபெரா என்னும் இலத்தீன் அடைமொழியை லின்னேயசு 1753இல் இரு செடிகளுக்கு இட்டார். ஒன்று அபினிச் செடி (பப்பாவர் சாம்னிஃபெரம்). மற்றொன்று அமுக்கரா (பிசாலிசு சாம்னிஃபெரா). பின்னது 1852இல் விதானியா என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டபோதும் அடைமொழி மாறவில்லை.

பெயர் ஒன்றாயினும் இவற்றின் வினை ஒன்றன்று. அபினியில் உள்ள மார்ஃபின் வலியைத் தணித்து உறக்கம் தரும். அளவு மிகுந்தால் மூச்சை ஒடுக்கி உயிரைப் போக்கும். சமையலில் பயன்படும் கசகசா இச்செடியின் விதையே. எனினும் அபினி விதையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. முற்றாத காயைக் கீறும்போது வடியும் பாலிலிருந்து எடுக்கப்படுகிறது.

அமுக்கரா

அமுக்கரா கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. வடமொழியில் அசுவகந்தா எனப்படும். தமிழகத்தின் நாட்டு மருந்துக் கடைகளில் இதன் உலர்ந்த வேர் அமுக்கராக் கிழங்கு என்னும் பெயரில் விற்கப்படுகிறது. சித்த மருத்துவத்தில் இதனுடன் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் முதலியன சேர்த்து அமுக்கராச் சூரணம் செய்யப்படுகிறது.

உறக்கத்தைத் தூண்டும் கூறு எது என்பதைக் கண்டறிய, யப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்டனர். இச்செடியின் சிறப்புக் கூறுகளாகக் கருதப்படும் விதானோலைடுகள் மிகுந்த சாறு உறக்கம் தரவில்லை. இலையின் நீர்ச்சாறு உறக்கத்தைத் தூண்டியது. அதிலுள்ள டிரைஎத்திலீன் கிளைக்கால் அதற்குக் காரணம் என அவர்கள் கண்டனர். மருந்தாகப் பெரிதும் பயன்படுவது வேர் என்பதால், இம்முடிவை அப்படியே சூரணத்துக்குப் பொருத்த இயலாது. வேர்ச்சாற்றை மனிதருக்குக் கொடுத்து நடத்திய சிறிய ஆய்வுகளில் உறக்கம் ஓரளவே மேம்பட்டது.

எச்சரிக்கை

மூலிகை என்பதாலேயே ஒரு துயிலூட்டி தீங்கற்றதாகிவிடாது. அமுக்கராவை உட்கொண்ட சிலருக்கு, அரிதாக, கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டுள்ளது. கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு நோய்க்கு மருந்து உண்போரும் தூக்க மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது. தூக்க மாத்திரையுடன் மது அருந்துவது மூச்சு ஒடுங்குவதற்கும் இறப்புக்கும் இட்டுச் செல்லலாம். நீண்ட நாள் நீடிக்கும் உறக்கமின்மை வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். துயிலூட்டி அந்நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.