ஆரணித் தறிக்கு வந்த இ-மெயில்! காகிதத்தில் எடுப்பது எப்படி?

ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை நேரம். தறி தயாராக இருக்கிறது. ஆனால் நெய்ய முடியவில்லை!

ஏன்?

சேலைக் கரையின் டிசைன், சென்னைக் கடையில் இருந்து இ-மெயிலில் வந்து இருக்கிறது. அதைக் காகிதத்தில் எடுத்தால்தான் வேலை நடக்கும்.

டிசைன் என்பது சிறு சிறு கட்டங்கள் போட்ட படம். கட்டங்களை எண்ணித்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். துளை உள்ள இடத்தில் நூல் எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது.

ஒரு வரிசைக் கட்டம் மங்கிப்போனால்? மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும்! பட்டும் வீண். ஜரிகையும் வீண். குடும்பத்தின் பல நாள் உழைப்பும் வீண்.

வீட்டில் உள்ள கம்ப்யூட்டர்

தமிழக அரசு 2011-ம் ஆண்டு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் பெற்ற பல மடிக்கணினிகளில் "பாஸ் லினக்ஸ்" இருந்தது. அதை உருவாக்கியது, சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம்.

லினக்ஸ், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கியது. அதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

ஒரு பிரிண்டர் செய்த வேலை

இந்தச் சுதந்திரத்துக்கு வித்திட்டது எது தெரியுமா? ஒரு பிரிண்டர்!

1980-ம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கியது. அதைச் சரிக்கட்ட விரும்பினார், ரிச்சர்டு ஸ்டால்மன். ஆனால் பிரிண்டரை இயக்கும் நிரலைக் காட்ட மறுத்து விட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான நிரல்கள் வேண்டும் என்று அவர் 1983-ல் "குனு" திட்டத்தை அறிவித்தார். அதனுடன் பிறகு லினக்ஸ் சேர்ந்தது.

உள்ளே நடப்பது என்ன?

லினக்சில் அச்சு வேலையைக் கவனிப்பது "கப்ஸ்". 1999-ல் வெளிவந்தது. அது ஒரு மொழிபெயர்ப்பாளர் போல. வந்தது எழுத்தா, படமா, பி.டி.எப்.பா என்று பார்க்கும். பிரிண்டருக்குப் புரியும் விதத்தில் மாற்றிக் கொடுக்கும்.

இ-மெயிலை அப்படியே கோப்பாக அச்சுக்கு அனுப்பக்கூடாது. அதில் உள்ள படம் எழுத்துக்கோவையாக மாறி இருக்கும். பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகள் வரும். காகிதமும் மையும் பாழ்!

செய்ய வேண்டியது இதுதான்:

கடிதத்தை "தண்டர்பேர்டு" போன்ற இ-மெயில் நிரலில் திறந்து அச்சிடுங்கள். உடன் வந்த டிசைனைத் தனியாகச் சேமித்து, தனியாக அச்சிடுங்கள்.

வேர்டு கோப்பு என்றால், "லிப்ரே ஆபீஸ்" நிரலில் திறந்து பி.டி.எப். ஆக்குங்கள்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால், தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அனுப்புகிறவர் எழுத்துருவைச் சேர்த்தே பி.டி.எப். ஆக்கி அனுப்பினால் தொல்லை இல்லை.

டிசைனுக்கு அளவு 100 சதவீதம் இருக்கட்டும். "பக்கத்துக்குள் அடக்கு" என்று விட்டால், படம் சுருங்கும். மெல்லிய கோடுகள் மங்கும். படம் பெரிதானால், பல தாள்களில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு தாள் எடுத்துக் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். அப்புறம்தான் மற்றவை!

அச்சு வராவிட்டால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வோர் அழுத்தலும் வரிசையில் சேரும். அந்த வரிசையைத் திறந்து, வேண்டாததை நீக்குங்கள்.

தறியின் வாரிசு

இன்னொரு சங்கதி. ஜக்கார்டு தறி பிரான்சில் 1804-ல் வந்தது. துளை அட்டையைக் கொண்டு 1890-ல் அமெரிக்க மக்கள் தொகையைக் கணக்கிட்டார்கள். பிறகு கம்ப்யூட்டரும் நெடுங்காலம் துளை அட்டையில்தான் கட்டளை பெற்றது.

ஆகவே, கம்ப்யூட்டரைக் கண்டு நெசவாளர் மிரள வேண்டியது இல்லை. அது அவருடைய தறிக்குச் சொந்தக்காரன்தான்!