காதில் ஊற்றிய தண்ணீர், கண்ணைப் படிக்கும் கேமரா

வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவுவார். தண்ணீர் சில்லென்று இருந்தால் தலை சுற்றுகிறது என்பார்கள். வெந்நீர் விட்டாலும் சுற்றியது. ஆனால் கண்மணிகள் எதிர்த் திசையில் ஆடின. உட்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் சூடானால் மேலேறுகிறது, குளிர்ந்தால் இறங்குகிறது, அதுவே கண்ணை ஆட்டுகிறது என்று 1906-இல் விளக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

பிறகு பல பத்தாண்டுகளுக்குத் தலைசுற்றல் சோதனை என்றால் காதில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஒவ்வொரு காதிலும் 30 டிகிரி, 44 டிகிரி செல்சியஸ் தண்ணீர். கண்ணோரம் ஒட்டிய மின்கம்பிகள். காகிதச் சுருளில் அலை அலையாகக் கோடுகள். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவரை இன்னும் சுற்றவைக்கும் சோதனை அது.

நான் வாழும் ஹூஸ்டனுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. இங்குள்ள ஜான்சன் விண்வெளி மையம் நடத்திய ஸ்கைலாப் பயணங்களில், 1973-இல், சுழல் நாற்காலியில் வீரர்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். 1983-இல் ஸ்பேஸ்லாப் விண்வெளி ஆய்வுக்கூடத்தில் காதுக்குள் காற்றைச் சூடாகச் செலுத்திப் பார்த்தார்கள். எடையற்ற இடத்தில் சூடான திரவம் மேலேற வழியில்லை. ஆனாலும் கண் ஆடியது! சோதனை சரி, பாரனியின் விளக்கம் மட்டும் முழுமையில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இது.

இன்று நோயாளிக்குக் கேமரா பொருத்திய ஒரு கண்ணாடியை மாட்டுகிறார்கள். சுவரில் ஒரு புள்ளி. அதையே பார்க்கச் சொல்லிவிட்டு, மருத்துவர் தலையை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று கொஞ்சம் திருப்புகிறார். நல்ல காதென்றால் கண் புள்ளியை விடாது. காது நரம்பு கெட்டிருந்தால் கண்ணும் தலையோடு போய்விட்டு, ஒரு வெட்டு வெட்டித் திரும்பி வரும். 1988-இல் சிட்னியில் ஹால்மாகியும் கர்தாய்ஸும் வெறுங்கண்ணால் கண்டு எழுதியது இது. இப்போது கேமரா அதைப் பதிவு செய்கிறது.

இதில் ஒரு புதிர் உண்டு. மணிக்கணக்காக விடாமல் சுற்றுகிறவருக்கு இந்தச் சோதனை ‘நார்மல்’ என்று வந்தால்தான் பயப்பட வேண்டும். கோளாறு காதில் இல்லை, மூளையில் இருக்கலாம். 2009-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவிலிருந்து 101 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. தலையைத் திருப்பும் சோதனையோடு, பார்க்கும் திசைக்கேற்ப கண்ணாட்டம் மாறுகிறதா, ஒரு கண் மற்றதைவிட மேலே நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சிலருக்குப் பக்கவாதம் தெரியவில்லை. இந்த மூன்றும் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பழகிய கை வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஊரிலிருந்து, ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லாண்டுக்கும் பேர்லாண்டுக்கும் வந்து தங்கும் அப்பா அம்மாக்கள் “கிறுகிறுன்னு வருது” என்றால், பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைக்கிறோம். இன்ஷூரன்ஸ் கவலை வேறு. புரண்டு படுக்கும்போது மட்டும் அரை நிமிடம் சுற்றினால் பெரும்பாலும் காதுக்குள் இடம் மாறிய சுண்ணாம்புத் துகள்தான். தலையை முறையாகத் திருப்பி கிளினிக்கிலேயே சரிசெய்துவிடுவார்கள். விடாமல் சுற்றி, எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் 911-ஐ அழையுங்கள். எமர்ஜென்சியில், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை முதலில் சொல்லுங்கள்.